3,000 மைல் கணக்கு

கனடாவில் வசிக்கும் எனது மருமகன் சில வாரங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்து ஒரு சந்தேகம் கேட்டார். அவரது காருக்கு ஒயில் மாற்றிய கராஜ்காரர் முன்கண்ணாடியின் மூலையில் ஒட்டிவிட்ட துண்டு, 5,000 கிலோமீற்றரில் மீண்டும் வரும்படி சொல்கிறதாம். காரோடு வந்த கைநூல் 12,000 கிலோமீற்றர் என்கிறதாம். காரின் திரையோ, ஒயிலின் ஆயுளில் இன்னும் 40 வீதம் எஞ்சியிருப்பதாகக் காட்டுகிறதாம். "மாமா, இந்த மூண்டிலை எதை நம்பிறது?" என்பது அவரது கேள்வி.

நான் மெக்கானிக் அல்லன். என் ஆயுளின் பெரும்பகுதி பத்திரிகை அலுவலக மேசையில் கழிந்தது. ஆயினும் இதே கேள்விக்கு ஒருமுறை பிழையான விடை சொல்லி, அதன் விலையையும் கொடுத்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அதைச் சொல்வதற்கு முன், இந்த ஒயில் மாற்றும் கணக்கு எங்கிருந்து வந்தது என்ற கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

எமது பத்திரிகைகளில் 'மசகெண்ணெய்' என்று எழுதினால் அது நிலத்திலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெயைக் குறிக்கும். உலகச் சந்தையில் மசகெண்ணெய் விலை ஏறியது, இறங்கியது என்று நானே பலமுறை தலைப்பிட்டிருக்கிறேன். ஆனால் மசகு என்பது உண்மையில் மாட்டுவண்டில் அச்சுக்குப் பூசும் பசை. இரும்பும் இரும்பும் உரசாமல் இடையில் நிற்பது எதுவோ அதுவே மசகு. எஞ்சின் ஒயில் செய்யும் வேலையின் சாரமும் அதுதான். ஆனால் அதற்கு அந்த ஒரு வேலை மட்டும் அல்ல. வெப்பத்தைக் காவிச் செல்லவேண்டும்; துரு பிடிக்காமல் காக்கவேண்டும்; எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியையும் அழுக்கையும் தன்னுள் சுமந்துகொண்டு நிற்கவேண்டும்.

பெற்றோலியம் வருவதற்கு முன் இயந்திரங்களுக்கு மிருகக் கொழுப்பும், திமிங்கில எண்ணெயும், ஆமணக்கெண்ணெயுமே இடப்பட்டன. நீராவி இயந்திரத்தின் கொதிக்கும் உருளைக்குள் கொழுப்பு சிதைந்து, உலோகத்தை அரித்து, பிசினாக ஒட்டிக்கொண்டது. 1859 இல் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டியபின் நிலைமை மாறியது. ஜோன் எல்லிஸ் என்ற மருத்துவர் இந்தப் புதிய எண்ணெயில் மருத்துவக் குணம் ஏதும் உண்டா என்று ஆராயப் புகுந்தார். மருந்து கிடைக்கவில்லை. நீராவி இயந்திர வால்வுகள் இறுகாமல் இருக்க அது உதவும் என்பதைக் கண்டுகொண்டார். 1866 இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் எண்ணெய்தான் பின்னர் வல்வொலின் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது.

இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. ஆரம்பகால மோட்டார் வாகனங்கள் பலவற்றில் 'ஒயில் மாற்றுதல்' என்ற பேச்சே இருக்கவில்லை. ஒயில் சொட்டுச் சொட்டாக எஞ்சினுக்குள் விழும்; வேலையைச் செய்யும்; எரிந்தோ ஒழுகியோ வெளியே போய்விடும். முதலாம் உலகப்போர்க் காலத்தில் பறந்த சுழல் எஞ்சின் விமானங்களும் அவ்வாறே. அவற்றுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றப்பட்டது. ஏனெனில் அது பெற்றோலில் இலகுவில் கரையாது. பறக்கும்போது அது புகையோடு விமானியின் முகத்தில் அடிக்கும். ஆமணக்கெண்ணெயைப் பேதிக்குக் குடித்து வளர்ந்த எமது தலைமுறைக்கு, அந்த விமானிகளின் வயிறு பட்ட பாட்டை விளக்கவேண்டியதில்லை! காஸ்ரோல் என்ற புகழ்பெற்ற பெயரும் ஆமணக்குக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து 1909 இல் பிறந்ததுதான்.

ஒரே ஒயிலை எஞ்சினின் அடித்தொட்டியில் தேக்கி, திரும்பத் திரும்பச் சுழல விட்டபோதுதான் இந்தக் கேள்வி பிறந்தது. இதை எத்தனை நாளைக்குப் பாவிக்கலாம்?

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் உற்பத்தியான போர்ட் மொடல் ரி காரின் கைநூல் இதற்கு ஒரு விடை சொன்னது. புதிய கார் 400 மைல் ஓடியதும் பழைய ஒயிலை வடித்துவிடவேண்டும். அதன்பின் ஏறக்குறைய 750 மைலுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். 750 மைல் என்பது 1,200 கிலோமீற்றர். இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் விநோதமாகத் தோன்றும். ஆனால் அந்த எஞ்சினில் ஒயிலை அழுத்தி அனுப்பும் பம்பு இல்லை. ஒயில் வடிகட்டி இல்லை. ஒயிலின் அளவைப் பார்க்கும் கம்பி கூட இல்லை. அடியில் இருந்த இரண்டு சிறு குழாய்களைத் திறந்துதான் ஒயில் நிற்கும் மட்டத்தை அறிந்தார்கள். பாதைகளோ புழுதி. ஒயிலில் எந்த இரசாயனச் சேர்க்கையும் கிடையாது.

இவற்றைவிடப் பெரிய பிரச்சினை எரிபொருள். 1920 களில் கார்கள் பெருகப் பெருக, பெற்றோலின் தேவையும் பெருகியது. அதற்கு ஈடுகொடுக்க, எளிதில் ஆவியாகாத பாரமான பகுதிகளையும் பெற்றோலோடு சேர்த்து விற்றார்கள். அந்தப் பகுதி குளிர்ந்த எஞ்சினுள் முழுமையாக எரியாது. திரவமாகவே உருளைச் சுவரில் வழிந்து, பிஸ்ரன் வளையங்களைக் கடந்து, கீழே இருக்கும் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணீராகிவிடும். அன்றைய அமெரிக்கப் பொறியியலாளர்கள் அதிகம் மண்டையை உடைத்த விடயங்களுள் இதுவும் ஒன்று. வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

அதன்பின் வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் ஒயிலின் ஆயுளைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டியது. 1923 இல் அமெரிக்காவில் ஏர்னஸ்ட் சுவீற்லாண்ட் என்பவரும் அவரது சகாவும் ஒயில் வடிகட்டியை உருவாக்கினார்கள். 1930 களின் நடுப்பகுதியில் பாரமான டீசல் எஞ்சின்களில் பிஸ்ரன் வளையங்கள் கரிபிடித்து ஒட்டிக்கொண்டபோது, ஒயிலோடு ஒருவகைச் சோப்புப் போன்ற சேர்க்கையைக் கலந்தார்கள். அது அழுக்கைக் கழுவித் தன்னுள் மிதக்க வைத்தது. ஒயில் கறுத்துவிட்டதே என்று பதறும் பலர் இன்றும் இருக்கிறார்கள். உண்மையில் நல்ல ஒயில் கறுப்பதுதான் முறை. அழுக்கை அது தூக்கி வைத்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. 1940 களில் துத்தநாகமும் பொஸ்பரசும் சேர்ந்த தேய்வு தடுப்புச் சேர்க்கை வந்தது. 1950 களில் குளிரிலும் வெப்பத்திலும் ஒரேயடியாக வேலைசெய்யும் பலதர ஒயில்கள் வந்தன. 10டபிள்யூ-30 என்று தகரத்தில் காண்கிறோமே, அதில் வரும் 'டபிள்யூ' குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம் 1947 முதல் ஒயில்களைத் தரம் பிரிக்கத் தொடங்கியது. இன்று தகரத்தில் காணும் எஸ்என், எஸ்பி போன்ற எழுத்துகள் அந்த மரபின் தொடர்ச்சி. எஸ்பி 2020 இல் வந்தது.

எமது நாட்டில் ஒரு தலைமுறையின் காராக இருந்தது மொறிஸ் மைனர். 1948 முதல் 1971 வரை பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அதற்குப் போட்டியாக ஒஸ்ரின் ஏ40 சோமர்செற்றும், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் இருந்தன. கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இவைதான் வாடகைக்கு ஓடின. மொறிஸ் மைனர் வைத்திருந்த எனது தந்தையார் வாய்பாடு போல ஒப்புவித்த கணக்கு 3,000 மைல். ஒவ்வொரு முறை ஒயில் மாற்றும்போதும் ஓட்டமானியின் எண்ணைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் குறித்து வைப்பார். கைநூலில் எழுதியது வேதவாக்கு என்று நம்பி வளர்ந்தவன் நான். என் பிழையும் அங்கேதான் தொடங்கியது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்குக்கான பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், டீசல், மின்கலம், உதிரிப்பாகம் என்று தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. மின்சாரம் நின்றுபோயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. அந்த மண்ணெண்ணெயில் யாழ்ப்பாணம் ஓடியது. நாற்பது வயதைத் தாண்டி, பின்வளவில் கோழி அடைந்து கிடந்த மொறிஸ் மைனரும் ஏ40யும் உயிர்பெற்று வீதிக்கு வந்தன. ஒரு சிறு போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதில் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வெண்புகை கக்கிக்கொண்டு, கண் எரிய எரிய, கார்கள் ஓடின.

புதிய ஜப்பானியக் கார்கள் இதற்கு இணங்கவில்லை. காரணம் எளிது. பழைய பிரித்தானிய எஞ்சின்கள் எரிபொருளைக் குறைவாகவே அமுக்குபவை. ஏழுக்கு ஒன்று என்ற அளவு. மட்டமான எரிபொருளையும் அவை பொறுத்துக்கொள்ளும். பின்வந்தவை இறுக்கமாக அமுக்குபவை; மண்ணெண்ணெயில் இடித்து நொறுங்கிவிடும்.

நான் அப்போது பணியாற்றிய பத்திரிகைக்கு ஒரு மொறிஸ் மைனர் வான் இருந்தது. அதிகாலையில் பத்திரிகைக் கட்டுகளோடு வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் போய்வரும். இரவில் எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது கடும் நோய் என்றால் அதுவே அம்புலன்ஸ். அச்சியந்திரத்தை ஓட்ட ஒரு ஜெனரேற்றரும் இருந்தது. 1993 இல் இந்த இரண்டுக்குமாகச் சேர்த்து எங்களிடம் எஞ்சியிருந்தது, முத்திரை உடைக்காத ஒரேயொரு நான்கு லீற்றர் ஒயில் தகரம். நிர்வாகி கொழும்பில் அகப்பட்டுக்கொண்டதால், அந்தத் தகரம் இருந்த அலுமாரியின் திறப்பு என் கையில் இருந்தது.

வானைப் பராமரித்தவரை நாங்கள் எல்லோரும் 'மாஸ்ரர்' என்றே அழைப்போம். ஒருநாள் அவர் அளவுக் கம்பியை உருவிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். ஒயில் குறையவில்லை; மாறாக, மேற்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் முகத்தில் நிம்மதி இல்லை.

"தம்பி, கூடிப்போச்செண்டு சந்தோசப்படாதையும். கூடினது ஒயில் இல்லை, மண்ணெண்ணெய்" என்றார்.

கம்பியின் நுனியிலிருந்து ஒரு சொட்டை எனது மேசையில் கிடந்த பத்திரிகைத் தாளில் விட்டார். நடுவில் கரும்புள்ளி, அதைச் சுற்றி மெல்ல மெல்ல அகன்றுகொண்டே போன வெளிறிய வளையம். வளையத்தை மோந்து பார்க்கச் சொன்னார். மண்ணெண்ணெய் மணம் குப்பென்று அடித்தது. ஒற்றுத் தாளில் ஒயில் சொட்டைப் பரவவிட்டுச் சோதிக்கும் இம்முறையைப் பெரிய எண்ணெய்க் கம்பனிகளும் கையாண்டன என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் படித்தேன். மாஸ்ரர் அதை எங்கே கற்றார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக ஒயில் மாற்றி எவ்வளவு தூரம் என்று கேட்டேன். 600 மைல் வரும் என்றார். "கைநூலில் 3,000 மைல் எண்டுதானே கிடக்கு, மாஸ்ரர்" என்றேன். "அந்தப் புத்தகம் எழுதினவன் பெற்றோல் ஊத்தினவன், தம்பி" என்றார் அவர்.

நான் கேட்கவில்லை. தகரம் ஜெனரேற்றருக்கு என்று முடிவு செய்தேன். அச்சடித்தால் அல்லவா வான் ஓடவேண்டும் என்பது எனது தர்க்கம். வடித்த ஒயிலை மெல்லிய தீயில் வைத்து மண்ணெண்ணெயை ஆவியாக்கி, துணியில் வடித்து மீண்டும் ஊற்றலாம் என்று மாஸ்ரர் ஒரு மாற்றுவழியும் சொன்னார். மண்ணெண்ணெய் தாழ்ந்த வெப்பத்தில் ஆவியாகும். ஒயில் அதைவிடக் கூடிய வெப்பத்தைத் தாங்கும். பாவித்த ஒயிலை மறுசுத்திகரிக்கும் தொழிற்சாலைகள் செய்வதில் ஒரு படியும் இதுதான். ஆனால் அதற்கு வானை இரண்டு நாள் நிறுத்தவேண்டும். இரண்டு நாள் பத்திரிகை போகாமல் இருக்க முடியாது என்று அதையும் மறுத்தேன்.

அடுத்த மாதம் கைதடிக்கு அப்பால் வான் நின்றது. பெயறிங்குகள் உருகிச் சுழல்தண்டைப் பற்றிக்கொண்டன. அன்றைய கட்டுகளைச் சாரதி சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சுழல்தண்டைக் கடைந்து சரிசெய்யலாம். ஆனால் பெயறிங்குக்கு எங்கே போவது? வானை மாட்டுவண்டிலில் கட்டி இழுத்து வந்து, கல் அடுக்கி நிறுத்தினோம். அதற்குப் பின் எங்கள் ஒழுங்கையின் நோயாளர்கள் சைக்கிளில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு. வலிகாமத்தின் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நகர்ந்தது. நடக்க இயலாத எனது தாயாரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் துவாயால் என்னோடு கட்டிக்கொண்டு, உருட்டிச் சென்றேன். ஒழுங்கை முகப்பில் அந்த வான் கல்லின்மேல் நின்றது. அம்மா அதைத் திரும்பிப் பார்த்தாவே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அந்த நெரிசலில் வானும் நகர்ந்திருக்காது என்று பின்னர் பலர் ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர் தனது ஏ40 காரில் தாயையும் தகப்பனையும் விடியுமுன் சாவகச்சேரியில் சேர்த்தார் என்பதும் உண்மை.

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன விடயத்துக்கு இப்போது வருகிறேன். 1920 களில் அமெரிக்கப் பொறியியலாளர்களை வருத்திய அதே நோய்தான், எழுபது ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்தில் எங்கள் வானையும் கொன்றது. மண்ணெண்ணெய் ஊற்றிய நாளிலேயே அந்த வான் மொடல் ரி காலத்துக்குத் திரும்பிவிட்டது. அதற்குரிய கணக்கு 3,000 அல்ல, 750 க்கும் கீழே. மண்ணெண்ணெய் வகையில் ஓடிய பழைய உழவு இயந்திரங்களுக்கும் ஒயில் நீர்த்துப்போகும் என்ற எச்சரிக்கை இருந்தது. ஆக, ஒயில் மாற்றும் கணக்கு காருக்கு உரியது அல்ல. அந்தக் கார் என்ன குடிக்கிறது, எப்படி ஓடுகிறது என்பதற்கு உரியது.

இதே உண்மை மறுபக்கமாகவும் பொருந்தும். அமெரிக்காவில் 1970 களின் பிற்பகுதி முதல், பத்து நிமிடத்தில் ஒயில் மாற்றித்தரும் கடைகள் பெருகின. எஞ்சினும் ஒயிலும் எவ்வளவோ முன்னேறிய பின்னரும், பழைய 3,000 மைல் கணக்கை அவை கைவிடவில்லை. கண்ணாடியில் ஒட்டும் துண்டு அந்த வியாபாரத்தின் பிள்ளை. 1996 இல் 'கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்' சஞ்சிகை ஒரு பெரிய சோதனையின் முடிவை வெளியிட்டது. நியூயோர்க் நகரின் 75 வாடகைக் கார்களை ஒவ்வொன்றும் 60,000 மைல் ஓடவிட்டு, எஞ்சின்களைக் கழற்றி அளந்தார்கள். 3,000 மைலுக்கு ஒருமுறை ஒயில் மாற்றியவற்றுக்கும் 6,000 மைலுக்கு ஒருமுறை மாற்றியவற்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. வாடகைக் கார் நாள் முழுவதும் ஓடுவது. அதன் எஞ்சின் ஆறுவதில்லை.

ஆறாத எஞ்சின் ஏன் நல்லது என்று கேட்கலாம். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாயால் போய்விடும். சிறுபகுதி ஒயிலுக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகி வெளியேறிவிடும். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக இரண்டு கிலோமீற்றர் ஓடி நிற்கும் காரில் அது தங்கிவிடும். அமிலத்தோடு சேர்ந்து சேறாகும். வருடத்துக்கு 3,000 கிலோமீற்றர் மட்டும் ஓடும் முதியவரின் காருக்கும் வருடம் ஒருமுறை ஒயில் மாற்றவேண்டும் என்று கைநூல்கள் சொல்வது இதனால்தான். தூரத்தைப் போலவே காலமும் ஒரு கணக்கு.

மருமகன் சொன்ன திரைக்கு வருவோம். 1980 களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஷேர்லி சுவார்ட்ஸ் என்ற இரசாயனவியலாளரும் டொனால்ட் ஸ்மோலென்ஸ்கியும் இதற்கு வழிவகுத்தார்கள். அந்தக் கருவி ஒயிலைத் தொட்டுப் பார்ப்பதில்லை. எஞ்சின் எத்தனை முறை சுற்றியது, எந்த வெப்பத்தில் சுற்றியது என்பதை வைத்துக் கணித்துச் சொல்கிறது. குளிரில் சிறு ஓட்டம் ஓடினால் ஆயுளை வேகமாகக் குறைக்கும். நெடுஞ்சாலையில் ஓடினால் மெதுவாகக் குறைக்கும். மாஸ்ரர் மூக்காலும் தாளாலும் செய்ததைக் கணக்கால் செய்கிறது. ஆனால் தொட்டியில் ஒயில் எவ்வளவு இருக்கிறது என்பது இந்தக் கணிப்பில் சேராது.

கராஜ்காரரைப் பேராசைக்காரர் என்றும், தயாரிப்பாளரை உத்தமர் என்றும் முடிவுகட்டுவதும் தவறு. நீண்ட இடைவெளியைச் சொன்னால் பராமரிப்புச் செலவு குறைவென்று விளம்பரம் செய்யலாம். ஆகவே தயாரிப்பாளருக்கும் ஒரு நலன் உண்டு. ஐரோப்பாவில் 30,000 கிலோமீற்றர் அல்லது இரண்டு வருடம் என்ற கணக்கும் புழக்கத்துக்கு வந்தது. மறுபுறம், 1997 க்கும் 2002 க்கும் இடைப்பட்ட சில ரொயோட்டா எஞ்சின்களில் ஒயில் சேறாக உறைந்த விவகாரத்தில், உரிமையாளர்கள் ஒழுங்காக ஒயில் மாற்றவில்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. 2002 இல் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களுக்கு நிறுவனம் உத்தரவாதத்தை நீட்டிக்க நேர்ந்தது.

அப்படியானால் சந்தேகத்துக்கு அடிக்கடி மாற்றிவிட்டுப் போனால் என்ன? செலவைத் தவிர என்ன நட்டம்? இப்படிக் கேட்பவர்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றை நினைக்கவேண்டும். வடித்த ஒயில் எங்கோ போகத்தான் வேண்டும். ஒரு கலன் கழிவொயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் எச்சரிக்கிறது. குடாநாட்டின் அடியில் இருப்பதோ வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறு எமக்கு இல்லை, கிணறுதான் கதி. சுன்னாகம் மின்நிலையச் சூழலில் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்து, சனம் கிணற்றைக் கைவிட்டுப் பவுசர் தண்ணீருக்குக் காத்திருந்ததை நாம் கண்டோம். அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மின்னுற்பத்தி செய்த தனியார் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது பெரிய அளவில் நடந்தது, வழக்காயிற்று. கராஜின் பின்வளவில் லீற்றர் லீற்றராக மண்ணில் ஊற்றப்படுவதற்கு வழக்கு இல்லை. கலிபோர்னிய மாநிலத்தின் கழிவு மீள்சுழற்சித் திணைக்களம், தேவைக்கு மேல் ஒயில் மாற்றாதீர்கள், கைநூலைப் பாருங்கள் என்று பொதுமக்களிடம் பிரசாரம் செய்ததன் காரணமும் இதுதான்.

மருமகனுக்கு நான் சொன்ன விடை இதுதான். துண்டை நம்பவேண்டாம், அது கடைக்காரரின் நாட்காட்டி. கைநூலை நம்பலாம், ஆனால் முதல் வரியோடு நிறுத்தாமல், 'கடுமையான பாவனை' என்ற பகுதியையும் வாசிக்கவேண்டும். சிறு ஓட்டம், புழுதி, கடுங்குளிர், கடும் வெப்பம், நெரிசலில் ஊர்தல் ஆகியவை அங்கே எழுதப்பட்டிருக்கும். எம்மவரில் பெரும்பாலோர் ஓட்டுவது அந்தப் பகுதிக்குள்தான் அடங்கும். திரையை நம்பலாம், ஆனால் மாதம் ஒருமுறை அளவுக் கம்பியை உருவிப் பார்க்கவேண்டும். குறைந்தால் ஏன் என்று கேட்கவேண்டும். கூடினால் கட்டாயம் கேட்கவேண்டும். திரை எதைச் சொன்னாலும் வருடத்தில் ஒருமுறை மாற்றிவிடவேண்டும். வடித்த ஒயில் எங்கே போகிறது என்றும் கராஜில் ஒரு வார்த்தை விசாரிக்கவேண்டும்.

"இவ்வளவு தெரிஞ்சு வைச்சிருக்கிறியளே மாமா, காரே ஓட்டாமல்?" என்று அவர் சிரித்தார்.

மாஸ்ரர் இடப்பெயர்வின் பின் வன்னிக்குப் போனார். பிறகு அவரைக் காணவில்லை. எழுதப்பட்ட எந்த எண்ணைக் கண்டாலும் அவரது குரல் எனக்குக் கேட்கிறது. அந்தப் புத்தகத்தை எழுதியவன் எதை ஊற்றி ஓடினவன் என்று முதலில் கேட்கவேண்டும். பத்திரிகையாளனாகிய நான் நாளாந்தம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. அதை எனக்குச் சொல்லித்தர ஒரு மெக்கானிக் வேண்டியிருந்தது.